குழந்தை யார் பக்கம்

மே 9

தையல்காரம்மாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து சின்னவனைத் தூக்கிக்கொண்டு நேரே உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய் என்பதைப் பால் வண்டி டிரைவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கட்டின புருஷனுக்கு அடுத்தவன் வாயால் சேதி. ரொம்ப நன்றாக இருக்கிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் அக்கா எடுத்து, "அவ தூங்கறா" என்கிறாள். பட்டப்பகலில் நீ தூங்கி நான் பார்த்ததே கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். டிரைவர் தினமும் உன் அக்கா தெரு வழியாகத்தான் போகிறான், கொண்டுவந்து கொடுப்பான். பதிலையும் அவனிடமே கொடுத்தனுப்பு.

குழந்தைகளை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாற்ற நம் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். அதைக் கொண்டுவந்தவளே நீதான். பெரியவள் தவழ ஆரம்பித்த புதிதில், நான் மாட்டுக் கொட்டகையில், நீ தையல் அறையில், நடுவில் கிணறு. "நீ பாத்துப்பேன்னு நான் நெனச்சேன், நான் பாத்துப்பேன்னு நீ நெனச்சே, இந்தப் பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது" என்றாய். விட்டுவிட்டுப் போகிறவர் "உன் பக்கம்" என்று சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் "என் பக்கம்" என்று சொல்ல வேண்டும். சின்னவனுக்கு அடிபட்ட அன்றைக்கும் நான் தையல் அறை ஜன்னலில் நின்று சத்தமாகச் சொன்னேன், "ரெண்டும் உன் பக்கம்" என்று. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாய்.

அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் "அவர்கிட்டதான் விட்டிருந்தேன்" என்று அழுகிறாய். அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவளுக்குப் புல்வெட்டி என்றால் என்னவென்றே தெரியவில்லை. மாட்டுக்குப் புல் நறுக்குகிற சாமான், பக்கத்தில் பெரிய சக்கரம், கையால் சுற்ற வேண்டும், சக்கரத்திலேயே இரண்டு கத்தி என்று நான்தான் விளக்கினேன். "அதுகிட்ட மூணு வயசுக் குழந்தைய விடுவீங்களா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? "விட்டது என் பெண்டாட்டி" என்று சொல்ல எனக்குத் தெரியாதா? சொல்லவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

பெரியவள் என்னிடம் இருக்கிறாள். வாயைத் திறப்பதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள யாரிடம் கற்றாளோ.

சின்னவனைக் கூட்டிக்கொண்டு வா. வந்து "என் தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லு. அதற்கு மேல் நான் எதுவும் பேச மாட்டேன்.

மே 12

மாட்டுக்காரருக்கு,

"என் தப்பு" என்று சொல்ல வேண்டுமா? சொல்கிறேன். உங்களைக் கட்டிக்கொண்டது என் தப்பு. போதுமா?

நீங்கள் ஜன்னலில் நின்று கத்தியது காதில் விழுந்தது. விழவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. நான் பதில் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் குழந்தை கை மாறவில்லை என்றுதான் அர்த்தம், அதற்குத்தானே இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்று வைத்தோம்? ஏன் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியாதாக்கும். அன்று காலையில் டிரைவர் முன்னால் நான் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இத நம்ம எருமைகூடக் குடிக்காதுடா" என்றீர்கள். அவன் சிரித்தான். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் உங்களோடு பேச எனக்கு என்ன தலையெழுத்தா?

மதியம் எங்கே போனீர்கள் என்று எல்லாரிடமும் "தீவனம் வாங்கப் போனேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். டிரைவரை நிற்க வைத்துக் கேட்டுவிட்டேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. கடைவீதியில் உட்கார்ந்து நல்ல டீ குடிக்கப் போயிருக்கிறீர்கள். என்னைக் கடுப்பேற்றுவதற்காக. என் பிள்ளையின் இரண்டு விரலை ஒரு டம்ளர் டீக்குக் கொடுத்துவிட்டு வந்து என் மானத்தைக் காப்பாற்றினீர்களாம்.

இன்னொன்று. சக்கரம் சுற்றாமல் இருக்க ஒரு இரும்புக் கம்பி போட்டு வைக்க வேண்டுமே, அது எங்கே? கன்றுக்குட்டியைக் கட்ட முளை இல்லையென்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் மண்ணில் அடித்தது யார்? நானா?

சின்னவனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். இடது கையால் சாப்பிடப் பழக்குகிறேன். பாதி மடியில் போகிறது. "வெரலு எப்பம்மா மொளைக்கும்?" என்று கேட்கிறான். பல் விழுந்தால் முளைக்கும் என்று பெரியவளுக்குச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தினமும் கிடைக்கிற பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து, "இது அக்காவுக்கு" என்று ஜன்னல் மேல் வைக்கிறான். எறும்பு மொய்க்கிறது என்று என் அக்கா முணுமுணுக்கிறாள்.

பெரியவளை டிரைவரோடு அனுப்பிவையுங்கள். உங்களால் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது. தலை வாரிவிடவாவது தெரியுமா உங்களுக்கு?

மே 16

தையல்காரம்மாவுக்கு,

தலை வாரத் தெரியாது. அதனால் வெட்டிவிட்டேன். மாட்டு வாலில் மயிர் கத்தரிக்கிற கத்தரிதான் கைக்குக் கிடைத்தது. கொஞ்சம் மேடும் பள்ளமுமாக வந்திருக்கிறது. இனி உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அவள் அழவில்லை. "அம்மா பாத்தா திட்டுவாங்க" என்று மட்டும் சொன்னாள். "உங்கம்மா எங்க பாக்கப் போறா? உன்னை வேணாம்னுதானே தம்பிய மட்டும் தூக்கிட்டுப் போனா" என்றேன். பொய்யா? நீ போகும்போது இவள் ஆஸ்பத்திரி வாசலில் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாயா?

அனுப்ப மாட்டேன். நீ ஒன்றை எடுத்துக்கொண்டு போனாய், என்னிடம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒன்று, தகராறு இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்றால் அந்த இடம் இந்த வீடுதான். நீ வா.

இவள் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பால் கேன் கழுவுகிறாள், சாணி அள்ளுகிறாள், எனக்கு முட்டை வேகவைத்துத் தருகிறாள். பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருக்கிறது, நான் எதுவும் சொல்லாமல் தின்றுவிடுகிறேன். டீ மட்டும் போடச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் உன் கைவாகு வந்திருந்தால் எருமைகள் பாவம்.

பாயை நனைக்கிறாள். ஏழு வயதில் இது என்ன பழக்கம்? பாயை வெயிலில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே காயும்வரை நிற்க வைத்தேன். டிரைவர் பார்த்துவிட்டு, "பாப்பாவ விடுண்ணே" என்றான். அவன் பால் அளந்தால் போதும், என் வீட்டில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் என் டீக்கதையைச் சொன்னதற்கும் சேர்த்துத்தான்.

டீ குடிக்கப் போனேன், உண்மைதான். உன்னிடம் விட்டுவிட்டுத்தான் போனேன்.

மே 19

உங்களுக்கு,

அந்தக் குழந்தையிடம் போய் அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வந்தது? என்னைத் திட்டுங்கள், என் குலத்தையே இழுத்துவைத்துத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். "உன்னை வேணாம்னு" என்று அவளிடம் சொல்லலாமா? நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை, வாஸ்தவம். திரும்பினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் பார்க்கவில்லை. அவள் அங்கே நிற்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் முடியை இடுப்பு வரை வளர்த்தேன். எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து, கதை சொல்லி, ஏமாற்றி, எத்தனை வருஷம். நீங்கள் மாட்டுக் கத்தரியை எடுத்தீர்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லலாமா கூடாதா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சின்னவன் தானாகச் சக்கரத்தில் கையை விட்டுக்கொண்டான் என்றுதானே இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அப்படியில்லை. நேற்று என் அக்காவின் தையல் மிஷினில் கைச்சக்கரத்தைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான். "நான் புல்லு குடுத்தேன், அக்கா சுத்துச்சு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான், ஏதோ இரண்டு பேரும் சேர்ந்து விளையாடின விளையாட்டு மாதிரி. அவள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று இப்போது புரிகிறதா? அன்றைக்கு அவள் கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததும் இதனால்தான்.

தயவுசெய்து அவளிடம் இதைக் கேட்காதீர்கள். கேட்டு என்ன ஆகப்போகிறது? அவள் குழந்தை. கம்பியைப் பிடுங்கினது நீங்கள், அது இருந்திருந்தால் அவள் தொங்கினாலும் சக்கரம் அசைந்திருக்காது. அவள் மேல் ஒரு துளி தப்பு இல்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

அவளுக்கு ஒரு கவுன் தைத்து அனுப்புகிறேன். அக்கா வீட்டுத் துணிதான், கேட்டுத்தான் எடுத்தேன். அத்தான் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இன்னும் எத்தன நாளைக்கு லீவு போட்டிருக்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். நானும் சிரித்துக்கொண்டே சோறு போடுகிறேன்.

மே 21

அடியே,

கேட்காதே என்று எழுதினாய். அப்படி எழுதினால் நான் கேட்பேன் என்று உனக்குத் தெரியாதா?

கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் புல்வெட்டி முன்னால் நிற்க வைத்தேன். "எப்டி சுத்தினே? காட்டு" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் அடித்தேன், மறைக்க மாட்டேன். அப்புறம் காட்டினாள். எட்டிப் பிடித்து, முழு உடம்பையும் போட்டுத் தொங்கித்தான் அவளால் ஒரு சுற்றுச் சுற்ற முடிகிறது. சுற்றும்போது அவளுக்குப் புல் செருகுகிற பக்கம் எதுவும் தெரியாது, சக்கரம் மறைத்துவிடும்.

"எதுக்குடி சுத்தினே?" என்றேன். "மாடு கத்துச்சு. நீங்க வரும்போது புல்லு வெட்டி இல்லன்னா அம்மாவத் திட்டுவீங்க. வெட்டி வெச்சிட்டா நீங்க ரெண்டு பேரும் சண்ட போட மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பெரிய மனுஷி.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. "தம்பிய எதுக்குக் கூட்டிட்டுப் போனே?" என்று கேட்டேன். அவள் சொன்னது இது, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "நீங்க 'உன் பக்கம்'னீங்க. அம்மா பேசல. தம்பி யார் பக்கமும் இல்லாம நின்னுச்சு. அதான் நான் அம்மாகிட்டப் போயி 'என் பக்கம்'னு சொன்னேன். அம்மா தலையாட்டினாங்க."

புரிகிறதா? நான் சொன்னேன், நீ பதில் சொல்லவில்லை, அவள் சொல்லிவிட்டாள். யாரும் சொல்லச் சொல்லாமல், தானே வந்து வாங்கிக்கொண்டாள். அப்படியானால் அவன் என் பக்கமும் இல்லை, உன் பக்கமும் இல்லை. இத்தனை நாளாக நாம் இரண்டு பேரும் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோமே, எதற்கு? நான் உன்னைக் கொலைகாரி என்று நினைத்தேன். நீ என்னை நினைத்தாய். ஊர் இரண்டு பேரையும் நினைத்தது.

அன்றைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குப் பசித்தது. உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கவுன் வந்தது. அவளுக்கு இன்னும் கொடுக்கவில்லை.

மே 25

உங்களுக்கு,

நாலு நாளாகப் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவளை அடித்திருக்க வேண்டாம். ஏழு வயது. எழுத வேண்டியதை எழுதிவிட்டேன்.

நான் தலையாட்டினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்திருப்பேன், அப்போது தலை ஆடும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் அத்தனையும் தலைக்கு மேல் கிடந்தது, உங்கள் மேல் கோபம் வேறு. ஆனால் அவள் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. "என் பக்கம்" என்று சொன்னதும் காதில் விழுந்த மாதிரிதான் இருக்கிறது. விழுந்திருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் நான் அத்தனை நிம்மதியாக உட்கார்ந்து தைத்திருப்பேனா? இதை யாரிடமும் சொல்லவில்லை. என் அக்காவிடம்கூட.

ஒரு பொறுப்பை வாங்கிக்கொண்டால் பார்த்துக்கொள்ள வேண்டாமா? அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லையே. இரண்டாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதல். கன்றுக்குட்டியைக் கழுவிக் கட்டத் தெரிகிறது, தம்பிக்குச் சோறு ஊட்டத் தெரிகிறது. கத்தி வெட்டும் என்று தெரியாதா?

இதை எழுதவே கை வரவில்லை. சின்னவன் பிறந்த புதிதில் தொட்டிலில் திடீர் திடீரென்று அழுவான், நினைவிருக்கிறதா? போய்ப் பார்த்தால் இவள் நிற்பாள். "நான் ஒண்ணும் பண்ணல, முத்தம்தான் குடுத்தேன்" என்பாள். அப்போது சிரித்தோம். இப்போது எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. ஒரு குழந்தையை இப்படி நினைக்கலாமா என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

சின்னவன் இப்போதெல்லாம் பிஸ்கட்டை முழுசாகத் தின்றுவிடுகிறான். "யாருடா கைய வெட்டினது?" என்று அத்தான் கேட்டால், "அக்கா. அக்கா கெட்டவ" என்று பளிச்சென்று சொல்கிறான். வீட்டுக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள், அவர்களிடமும் சொல்கிறான். முன்பெல்லாம் என்னிடம் "அஜாக்கிரதையா இருந்துட்டியேம்மா" என்பவர்கள் இப்போது "ஐயோ பாவம், நீ என்ன பண்ணுவே" என்கிறார்கள். கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? கேன் தூக்கும்போது குனிந்து தூக்காதீர்கள், மண்டி போட்டுத் தூக்குங்கள். சிவப்பு மாடு கன்று போட்டதா?

மே 28

என் தையல்காரிக்கு,

சிவப்பு மாடு கன்று போட்டது. கிடேரி. உன்னை மாதிரியே எழுந்தவுடன் என்னை ஒரு உதை விட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ நினைப்பதைத்தான் நானும் நினைக்கிறேன். நீ எழுதிவிட்டாய், நான் எழுதவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்ல மாட்டேன். செய்யவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. தட்டு வைக்கும்போதும் பார்க்கிறாள், பால் கறக்கும்போதும் வந்து நின்று பார்க்கிறாள். "என்னடி?" என்றால், "ஒண்ணுமில்லப்பா, வேற என்ன வேல செய்யட்டும்?" என்கிறாள். பயமாக இருக்கிறது.

நீ வந்துவிடு. அத்தான் வீட்டுச் சோற்றை எத்தனை நாள் சிரித்துக்கொண்டே தின்பாய்? நீ இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை. சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தது, ஊக்குக் குத்திக்கொண்டு திரிகிறேன். டீ விஷயத்தில் நான் பேசியது தப்பு. உன் டீயை நான் குடிப்பேன், எருமைகளுக்கும் கொடுப்பேன்.

ஆனால் இவளையும் சின்னவனையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் நீயும் நானும் நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் மறுபடியும் யார் பார்ப்பது என்று வரும். அதனால் ஒன்று யோசித்தேன். மலைப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, தங்கிப் படிக்கலாம், சின்னக் குழந்தைகளையும் எடுக்கிறார்கள். அங்கே கண்டிப்பாக வளர்ப்பார்கள், இவளுக்கு அதுதான் தேவை. அவளிடம் "தம்பிக்குக் கை ஆற வரைக்கும்" என்று சொல்லலாம். தம்பி கை ஆறிவிட்டது என்று அப்புறம் அவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

புல்வெட்டியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று உன் அக்கா டிரைவரிடம் கேட்டாளாம். அது அங்கேயேதான் இருக்கும், மாடு தின்ன வேண்டாமா? புதுக் கம்பி போட்டுவிட்டேன்.

நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

ஜூன் 1

என்னங்க,

சரி.

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு மூடி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. பெற்ற வயிறு இல்லையா? நேற்று முழுக்க அழுதேன். அக்கா என்னவென்று கேட்டாள், கண்ணில் நூல் தூசி என்று சொன்னேன். ஆனால் அழுது முடித்தபின் மனசு லேசாகத்தான் இருந்தது. நம்மைப் பிரித்து வைத்தது எதுவோ அது தள்ளிப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். நான் வரும்போது அவள் அங்கே இருக்கக் கூடாது. நான் வந்த பிறகு அனுப்பலாம், போகும்போது ஒரு தடவை பார்க்கட்டும் என்றெல்லாம் நல்லவர் மாதிரி யோசித்துவிடாதீர்கள். அந்த வெட்டின முடியோடு வாசலில் வந்து நின்றாள் என்றால் நான் கட்டிக்கொண்டுவிடுவேன். அப்புறம் என்னால் அனுப்ப முடியாது. அனுப்ப முடியாவிட்டால் பழையபடி உங்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன். முதலில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். விட்டுவிட்டேன் என்று எழுதினால் அடுத்த நாள் காலையில் பால் வண்டியில் ஏறிவிடுவேன்.

அவளுடைய பாய், சிலேட்டு, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டுவிடுங்கள். சின்னவன் கண்ணில் பட வேண்டாம். இரண்டு நாளாக மறுபடியும் "அக்கா எங்க?" என்று ஆரம்பித்திருக்கிறான். "அக்கா கெட்டவதானே?" என்றால், "கெட்டவ எங்க?" என்று கேட்கிறான். சீக்கிரம் மறந்துவிடுவான். இந்த வயசுக்கு அது பெரிய வரம்.

அந்தக் கவுனைப் போட்டு அனுப்புங்கள். ஏதோ ஒன்று என் கையால் செய்ததாக இருக்கட்டும். பழைய அளவில் தைத்தேன், பிடிக்கிறதோ என்னவோ.

விடுதியில் என்ன கேட்டாலும் நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்று, நான் ஒன்று சொன்னால் நன்றாக இருக்காது.

ஜூன் 4

என் தையல்காரிக்கு,

விட்டுவிட்டேன். மத்தியானம்தான் திரும்பினேன், வந்ததும் இதை எழுதி டிரைவர் கையில் கொடுக்கிறேன். இனிமேல் அவனுக்கு இந்தத் தபால் உத்தியோகம் இல்லை.

நீ பயந்த மாதிரி ஒரு ரகளையும் இல்லை. காலையில் கவுனைக் கொடுத்து, "உங்கம்மா தெச்சது" என்றேன். தோளில் பிடித்தது, அக்குள் பக்கம் கொஞ்சம் கிழிந்தேவிட்டது. "மாத்திக்கோ" என்றேன், மாட்டேன் என்றாள். பஸ்ஸில் வழி முழுக்கக் கையை இடுக்கிக்கொண்டே உட்கார்ந்து வந்தாள், கிழிசல் தெரியாமல்.

விடுதி பெரிய இடம். நீள நீளமாக இரும்புக் கட்டில், சுவரெல்லாம் சுண்ணாம்பு. விடுதி அம்மா நல்ல மாதிரி. "லீவு முடியறதுக்கு முன்னாடியே வந்துட்டியே பாப்பா, வீட்ல இருக்கப் பிடிக்கலியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் இவளே சொல்லிவிட்டாள். "தம்பி வெரல நான் வெட்டிட்டேன். அதான்." அங்கே நின்ற பிள்ளைகள் எல்லாம் விலகிப் போய் நின்றார்கள். விடுதி அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தொல்லையும் விட்டது. நமக்குப் பதிலாக அவளே சொல்லிக்கொள்வாள்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தாள். காலைக் கட்டிக்கொள்வாள், கத்துவாள் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. "நாளைக்கு அம்மா வீட்டுக்கு வந்துடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். டிரைவர்தான் உளறியிருக்க வேண்டும். வருவாள் என்றேன். "இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?" என்றாள். பேசிக்குவோம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்து போய்விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொந்த அப்பன் விட்டுவிட்டுப் போகிறான், எந்தக் குழந்தையாவது இப்படி இருக்குமா? கல் நெஞ்சு. நாம் நினைத்தது சரிதான், எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் அந்த இடத்திலேயே போய்விட்டது.

வீட்டைக் கழுவிவிட்டேன். சின்னவனுக்குக் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். டிரைவரிடம் முன் சீட்டைக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், பின்னால் உட்கார்ந்தால் கேன் இடிக்கும். சாப்பிடாமல் வந்துவிடு, சேர்ந்து சாப்பிடலாம்.